மெயிலின் அடியில் இருக்கும் அந்தப் பெயர்: கையெழுத்து கையை விட்டுப் போன கதை

உங்கள் வங்கியிடமிருந்தோ காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ கடைசியாக வந்த மெயிலைத் திறந்து அதன் அடிப்பகுதியைப் பாருங்கள்.

"அன்புடன்" என்று ஒரு வார்த்தை இருக்கும். அதற்குக் கீழே ஒருவருடைய பெயர், பதவி, போன் நம்பர். சிலதில் சிரித்த முகத்தோடு ஒரு போட்டோ கூட இருக்கும்.

அந்த மெயிலை அவர்தான் எழுதினாரா? இல்லை, யாரோ எழுதியதை அவர் அனுப்பினாரா? இல்லை, மெயில் போனதே தெரியாமல் அந்த நேரத்தில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரா?

பெரும்பாலும் மூன்றாவதுதான்.

வாடிக்கையாளர் விவரங்களையெல்லாம் ஓரிடத்தில் வைத்து நிர்வகிக்கும் மென்பொருளை சிஆர்எம் என்பார்கள். உங்கள் பாலிசி முடியப்போகிறது என்றால் அதுவே நாள் பார்த்து, அதுவே மெயில் எழுதி, அடியில் உங்கள் கணக்கைக் கவனிக்கும் ஊழியரின் பெயரைத் தானே போட்டு அனுப்பிவிடும்.

"இதெல்லாம் கம்ப்யூட்டர்காரங்க சமாச்சாரம், டாக்டருக்கு இதுல என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

அரசு மருத்துவமனை டாக்டரைப் போல கையெழுத்துப் போடும் ஆள் குறைவுங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, வயதுச் சான்று, உடற்தகுதிச் சான்று, விபத்துப் பதிவேடு, இறப்புக்கான காரணச் சான்று என்று ஒரு நாளில் போடும் கையெழுத்துக்குக் கணக்கே கிடையாது. பச்சை மசியில் சான்றொப்பம் வாங்க மாணவர்கள் ஜெராக்ஸ் கட்டோடு வாசலில் நின்ற காலமும் இருந்தது. அதனால் கையெழுத்து என்றால் என்ன என்பதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை அதிகம்.

நீளமான த்ரெட். டீ போட்டுக்கொண்டு வாருங்கள். கதை இங்கிலாந்தில் ஒரு நோயாளியிடமிருந்து தொடங்குகிறது.

நோயாளியின் பெயர் எட்டாம் ஹென்றி. ஆறு திருமணம் செய்த அதே மன்னர்தான்.

1545ஆம் ஆண்டு வாக்கில் அவர் உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது. உடல் பெருத்து, இரண்டு கால்களிலும் ஆறாத புண். நடக்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போன நாட்களும் உண்டு. அந்தப் புண்ணுக்குக் காரணம் சர்க்கரை நோயா, ரத்தநாளக் கோளாறா, பழைய எலும்புக் காயமா என்று மருத்துவர்கள் இன்றைக்கும் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆளை நேரில் பார்க்காமல் சொல்வது எனக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

ஆனால் நாட்டை நடத்த வேண்டுமே? மன்னர் கையெழுத்துக்காகக் காகிதங்கள் குவிகின்றன.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மன்னரின் கையெழுத்தை ஒரு அச்சாகச் செய்தார்கள். மசி தடவாமல் அதைக் காகிதத்தில் அழுத்துவார்கள். கையெழுத்தின் தடம் மட்டும் பள்ளமாகப் பதியும். பிறகு வில்லியம் கிளார்க் என்ற எழுத்தர் அந்தத் தடத்தின் மேலேயே பேனாவால் மசி ஓட்டுவார். பார்ப்பதற்கு மன்னரே போட்ட மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் உலர் முத்திரை.

ஆண்டனி டென்னி, அவருடைய மைத்துனர் ஜான் கேட்ஸ், இந்த கிளார்க். இந்த மூவர் அணியிடம்தான் அச்சும் அதைப் பயன்படுத்தும் அதிகாரமும் இருந்தன.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. எந்தெந்தக் காகிதத்தில் அச்சைப் பயன்படுத்தினார்கள் என்று மாதாமாதம் ஒரு பட்டியல் எழுதி வைக்க வேண்டும். எங்கள் வார்டில் மார்பின் ஊசிக்கு ரிஜிஸ்டர் வைத்திருப்போமே, யாருக்கு, எத்தனை, யார் சொல்லி என்று? அப்படியே. 480 வருடத்துக்கு முன்பே, "கையெழுத்தை வேறொருவரிடம் கொடுத்தால் கூடவே ஒரு ரிஜிஸ்டரும் வேண்டும்" என்று புரிந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம்.

ஹென்றியின் உயிலில் 1546 டிசம்பர் 30 என்று தேதி இருக்கிறது. அவர் இறந்தது 1547 ஜனவரி 28. தனக்குப் பிறகு யார் யார் ஆள வேண்டும் என்பதை ஹென்றி உயிலில் எழுதி வைக்கலாம், ஆனால் அதில் அவர் தன் கையாலேயே ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தது. உயிலோ, கிளார்க்கின் ஜனவரி மாதப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதாவது, அச்சு.

அந்த உயில் ஹென்றியின் அக்கா வழியில் வந்த ஸ்காட்லாந்து வாரிசுகளைத் தாண்டிப் போய்விட்டது. 1560களில் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தரப்பு இந்த அச்சைத்தான் பிடித்துக்கொண்டது. "மன்னர் கையெழுத்தே போடவில்லை, அப்புறம் எப்படி எங்கள் உரிமை போகும்?" என்று கேட்டது. அந்த உயில் யார் கையால் முடிந்தது என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு காகிதம் இதைவிடச் சுவாரசியம். நார்ஃபோக் பிரபுவுக்கு அப்போது 70 வயதுக்கு மேல். துரோகக் குற்றம் சாட்டி லண்டன் கோபுரத்தில் அடைத்திருந்தார்கள். அவரைத் தண்டிக்கும் சட்டத்துக்கு மன்னரின் ஒப்புதல் ஜனவரி 27 அன்று அச்சு வழியாகவே வந்தது. மறுநாள் விடிவதற்குள் மன்னர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரபுவின் தலை தப்பியது. ஆனாலும் ஆறு வருடம் சிறை. 1553இல் மேரி டியூடர் அரியணை ஏறிய பிறகு, அந்தத் தண்டனைச் சட்டம் செல்லாது என்று பார்லிமெண்ட் அறிவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த ஒப்புதலில் மன்னரின் கை படவில்லை என்பது.

1553இல் சட்டம் சொன்னது இதுதான்: கை படவில்லையா, கையெழுத்து இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

நடுவில் 250 வருடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1804 முதல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் இரண்டு பேனா பூட்டிய ஒரு கருவியை வைத்து எழுதினார். ஒரு பேனாவை அவர் நகர்த்தினால், இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அது நகல் எடுக்கத்தான், ஏமாற்ற இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆட்டோபென் வந்தது. ஒருவருடைய கையெழுத்தின் வடிவத்தைக் கொடுத்துவிட்டால் நிஜப் பேனாவைப் பிடித்து நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கும். அரசியல்வாதிகளும் சினிமா நட்சத்திரங்களும் ரசிகர்களுக்கு அனுப்பிய எத்தனையோ "கையொப்பமிட்ட" படங்கள் இந்த வகைதான்.

இனி மெயிலுக்கு வருவோம்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். முகவரியில் @ குறியை வைத்தவர் அவர்தான். 1980 வாக்கில் யூஸ்நெட் வந்தது, ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் படிக்கும் பொது மடல் பலகை மாதிரி. அங்கே எழுதுபவர் யார், எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருப்பது தொல்லை. அதனால் ஒரு சின்னக் கோப்பில் அதை எழுதி வைத்தார்கள். மடல் அனுப்பும்போது மென்பொருளே அதை அடியில் ஒட்டிவிடும். கோப்பின் பெயரே "சிக்னேச்சர்". மின்னஞ்சல் கையொப்பம் என்று நாம் சொல்லும் சங்கதி இங்கேதான் பிறந்தது.

பிறந்த உடனே சண்டையும் பிறந்தது. ஆட்கள் அடியில் பொன்மொழி போட்டார்கள், எழுத்துகளை அடுக்கிப் படம் வரைந்தார்கள். இரண்டு வரிப் பதிலுக்கு இருபது வரிக் கையொப்பம். கடைசியில் நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு மாதிரி ஒரு வழக்கம் வந்தது. மடல் முடிந்துவிட்டது, இனி கையொப்பம் என்று காட்ட இரண்டு சின்னக் கோடும் ஒரு இடைவெளியும் போட வேண்டும் என்றும் வைத்துக்கொண்டார்கள். 1995இல் வெளியான இணைய நடத்தை வழிகாட்டியில் அந்த நான்கு வரிக் கணக்கு இருக்கிறது, காரணத்தோடு: படிப்பவர்களில் பலர் இணைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு கொடுக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கைப் பார்த்துக்கொண்டே மெயில் அடித்த நம் தலைமுறைக்கு இது நன்றாகவே புரியும்.

அதுவரை அடியில் இருப்பது அனுப்புபவரின் சொந்த இடம். 1996 ஜூலை 4 அன்று அதுவும் போனது.

அன்றுதான் ஹாட்மெயில் தொடங்கியது. தொடங்கியவர்கள் ஜாக் ஸ்மித்தும், பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும். பணம் போட்ட டிம் டிரேப்பர் ஒரு யோசனை சொன்னார்: இதன் வழியாகப் போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும், உங்களுக்கும் இலவச மெயில் வேண்டுமா, இங்கே வாருங்கள் என்று ஒரு வரி சேர்ப்போம். நிறுவனர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு சேர்த்தார்கள். நீங்கள் உங்கள் மாமாவுக்கு எழுதும் கடிதத்தின் அடியில் உங்களைக் கேட்காமல் ஒரு விளம்பரம். மாமா அதைச் சொடுக்கிக் கணக்குத் திறப்பார், அவர் எழுதும் மெயில் அடுத்த ஆளை இழுக்கும். தொற்றுநோய் பரவும் கணக்கு அப்படியே பொருந்துகிறது, சந்தைப்படுத்துபவர்களும் அதற்கு வைரல் என்றே பெயர் வைத்தார்கள். 1997 முடிவில் மைக்ரோசாஃப்ட் அதைச் சுமார் 40 கோடி டாலருக்கு வாங்கியது. பின்னாளில் பிளாக்பெர்ரியும் ஐபோனும் அடியில் சேர்த்த "என் ஐபோனிலிருந்து அனுப்பியது" வகையறா வரிகளும் இதன் பேரப்பிள்ளைகள்.

சரி, சிஆர்எம் எங்கே வருகிறது?

1980களின் தொடக்கத்தில் வேர்ட்ஸ்டார் என்ற மென்பொருளில் மெயில்மெர்ஜ் வசதி வந்தது. ஒரே கடிதம், நூறு பெயர். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலியிடம் விட்டால் பட்டியலிலிருந்து கணினி நிரப்பிவிடும். 1987இல் ஆக்ட் என்ற தொடர்பு மென்பொருள், 1993இல் சீபெல், 1999இல் சேல்ஸ்ஃபோர்ஸ். 2005இல் நம் சென்னைக்காரர்களின் ஸோஹோ சிஆர்எம். ஆக, பெறுபவரின் பெயரில் காலியிடம் வைத்தவர்கள் அடுத்து அனுப்புபவரின் பெயரிலும் காலியிடம் வைத்தார்கள்.

தனிப்பட்ட கையொப்பம் அமைப்பது என்று மென்பொருளில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பதிவு: பெயர், பதவி, போன், படம். மெயில் வார்ப்பில் அந்த இடங்கள் காலி. அனுப்பும் நொடியில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் யாருடைய பெயர் வந்து உட்காரும்? அனுப்பு பொத்தானை அழுத்தியவருடையதா, அந்த வாடிக்கையாளர் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவருடையதா? இரண்டும் வேறு வேறு. பொத்தானை அழுத்த ஆளே இல்லாத தானியங்கி மெயில் என்றால் பொறுப்பாளர் பெயரைத்தான் பெரும்பாலும் வைப்பார்கள். அவர் வேலையை விட்டுப் போன பிறகு பதிவை மாற்றாமல் விட்டால், போனவர் பெயரிலேயே "அன்புடன்" போய்க்கொண்டிருக்கும். இறந்துபோனவர் என்றாலும் போகும். மென்பொருளுக்கு அது தெரியாது.

நம் ஊருக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. இந்த மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். பலவற்றில் கடைசிப் பெயர் கட்டாயம். நமக்கு ஏதுங்க கடைசிப் பெயர்? இனிஷியலைத் தூக்கி ஏதோ ஒரு கட்டத்தில் போடுவோம். அது முதல் கட்டத்தில் விழுந்தால் "அன்புள்ள எஸ்" என்று மெயில் வரும். உங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இப்போது அந்த 1553ஐ எடுங்கள். கை படாத கையெழுத்து செல்லாது என்று அன்று சொன்ன சட்டம் இன்று என்ன சொல்கிறது?

2005இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் ஒரு கருத்துரை கொடுத்தது. அதிபர் முடிவெடுத்துவிட்டால் போதும், அவர் சொல்லி உதவியாளர் ஆட்டோபென்னில் போட்டாலும் அது அதிபர் கையெழுத்துதான் என்றது. 2011 மே மாதம் ஒபாமா பிரான்ஸில் இருக்கும்போது, வாஷிங்டனில் ஒரு சட்டம் அப்படித்தான் கையெழுத்தானது.

மெயிலின் அடிப்பகுதி பற்றி இங்கிலாந்தில் இரண்டு தீர்ப்புகள் இருக்கின்றன. 2006இல் ஒருவர் 25,000 பவுண்டுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் தருவதாக மெயில் அனுப்பியிருந்தார். உள்ளே எங்கும் பெயர் எழுதவில்லை. மெயிலின் தலைப்பில் அவருடைய முகவரி மட்டும் தானாக வந்திருந்தது. அது கையெழுத்து ஆகாது என்றார் நீதிபதி.

2019இல் நடந்தது வேறு. விண்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு நிலத் தகராறு. 1,75,000 பவுண்டுக்கு நிலத்தை விற்றுச் சமாதானமாகலாம் என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் மெயிலில் பேசி முடித்தார்கள். ஆனால் நில ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்பது அங்கே சட்டம். "என் வழக்கறிஞர் கையெழுத்தே போடவில்லையே, அடியில் இருப்பது மென்பொருள் தானாக ஒட்டியதுதானே" என்று ஒரு தரப்பு வாதாடியது. நீதிபதி ஏற்கவில்லை. அந்தக் கையொப்பத்தை அமைக்க என்றோ ஒருநாள் ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். அதற்கு மேலே நன்றி என்று கையால் தட்டியிருக்கிறார். தன் பெயர் கீழே வரும் என்று தெரிந்துதான் அப்படி முடித்திருக்கிறார். எனவே அது கையெழுத்து, ஒப்பந்தம் செல்லும் என்றார்.

யோசித்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஐந்து நிமிடம் செட்டிங்ஸில் செலவழித்தது, பின்னொரு நாள் ஒரு நிலத்தையே கைமாற்றுகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் வேறு. அது கணிதப் பூட்டுச் சாவி மாதிரி, ஆவணம் ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மெயில் அடியில் இருக்கும் பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து ஒட்டலாம். மோசடி மெயில்களில் லோகோவும் மேலாளர் பெயரும் அச்சு அசலாக இருப்பது இதனால்தான். ஆகவே அடியில் இருப்பதை வைத்து எந்த மெயிலையும் நம்பாதீர்கள்.

சட்டத்தின் பக்கம் இவ்வளவுதான். கையெழுத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது.

2004 டிசம்பர். ஈராக் போர் நடந்துகொண்டிருந்தது. இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பெயரில் இரங்கல் கடிதங்கள் போயின. அவற்றில் அவருடைய கையெழுத்து இயந்திரம் போட்டது என்று செய்தி வெளியானது. ரம்ஸ்ஃபெல்ட் ஒப்புக்கொண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைப் பார்த்து ஒப்புதல் கொடுத்ததாகவும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் தானே கையெழுத்திடவில்லை என்றும் விளக்கினார். இனி ஒவ்வொன்றிலும் தானே போடுவதாகச் சொன்னார்.

சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. கடிதத்தில் இருந்த வார்த்தையும் மாறவில்லை. ஆனால் குடும்பங்கள் கொதித்துவிட்டன.

ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஐசியூ வாசலில் ஒரு மரணத்தைச் சொல்லும்போது நின்றுகொண்டு சொல்லக் கூடாது, உட்கார்ந்து சொல்ல வேண்டும், "பேஷண்ட்" என்று சொல்லாமல் இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். தகவல் ஒன்றுதான், ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் ஒரு ஆள் தனக்காக நின்றார் என்பதைச் சொந்தக்காரர்கள் பல வருடம் கழித்தும் சொல்வார்கள். அந்தத் தாய்மார்களும் கையெழுத்தில் தேடியது அந்த அரை நிமிடத்தைத்தான். தன் பிள்ளையின் பெயரை அந்த மனிதர் ஒரு தடவையாவது படித்தாரா?

சட்டம் கேட்பது "யார் பொறுப்பு?" என்று. கடிதம் வாங்கியவர் கேட்பது "யார் இருந்தது?" என்று. சிஆர்எம் கையொப்பம் முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்வதுபோல நடிக்கும்.

பாலிசி நினைவூட்டலில் அந்த நடிப்பு இருந்தால் பரவாயில்லை, யாரும் அழப்போவதில்லை. பரிசோதனை முடிவு, கடன் மறுப்பு, வேலை நீக்கம், இரங்கல் என்று வரும்போது எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே "இது தானியங்கி மெயில், பேச வேண்டுமானால் இந்த எண்" என்று நிறுவனத்தின் பெயரிலேயே அனுப்பிவிடுவது நேர்மை.

இதைப் படிப்பவர்களில் கிளினிக், டியூஷன், ஜவுளிக்கடை என்று நடத்துபவர்கள் இருப்பீர்கள். இப்போதெல்லாம் சின்னக் கடைக்கும் சிஆர்எம் வந்துவிட்டது. உங்கள் நிறுவனம் கம்பெனியாகப் பதிவானது என்றால், கம்பெனிகள் சட்டம் 2013 உங்கள் வணிகக் கடிதங்களில் பெயர், பதிவு அலுவலக முகவரி, கம்பெனி அடையாள எண், போன், மெயில் முகவரி எல்லாம் கேட்கிறது. நிறைய நிறுவன மெயில்களின் அடியில் அந்த நீள எண் இருப்பது இதனால்தான். டாக்டர் என்றால் 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி நோயாளிக்கு அனுப்பும் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் பதிவு எண் இருக்க வேண்டும். கையொப்பத்தில் ஒருமுறை போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அமைத்து முடித்ததும் ஒரு சோதனை மெயிலை உங்கள் சொந்தப் போனுக்கு அனுப்புங்கள். போன் எண் கட்டம் காலியாக வருகிறதா, படம் திறக்காமல் வெறும் பெட்டியாக நிற்கிறதா, கையொப்பம் இரண்டு தடவை வருகிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயரில் இன்னும் எத்தனை வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

அப்புறம் அந்த மெயிலுக்கு நீங்களே ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். அடியில் ஒருவர் பெயர் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பதில் அவரிடம் போய்ச் சேர்கிறதா, யாருமே திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுகிறதா என்று பாருங்கள்.